கீமோ நாட்களில் பத்தியம் இருக்கலாமா?

முள் சீத்தா கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்கும் விவசாயிகள் இரண்டு வகை. வரப்பில் பத்து மரம் வைத்துப் பழம் விற்றால் கட்டுபடியாகுமா என்று பார்ப்பவர் ஒருவர். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே இலை தேடிக் கிளம்பியவர் இன்னொருவர். முதலாமவருக்கு மண்ணையும் இடைவெளியையும் சொன்னால் போதும். இரண்டாமவரின் கேள்வி கன்றோடு முடிவதில்லை. இனி வீட்டில் என்ன சமைப்பது, எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று தெரியாமல்தான் அவர் நர்சரி வாசலில் நிற்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பம் அப்படித்தான் தவித்தது. ஒரு ஏக்கரில் மல்லிகை, ஒரு ஏக்கரில் கடலை, வேலியோரம் ஏழெட்டுப் பலா, இரண்டு கறவை மாடு. வீட்டம்மாவுக்கு வயது 52. விடியும் முன் பூப்பறித்து, பால் கறந்து, அதன் பிறகு அடுப்பு மூட்டுவார். மார்பில் கட்டி என்று போனவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒன்று என்று கீமோ ஊசி தொடங்கியது.

வந்தவர்கள் சொன்ன பத்தியம்

சேதி தெரிந்ததும் சொந்தபந்தம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள்.

"மதினி, முட்டை, கவுச்சி எதையும் தொடாதீக. புண்ணு சீழ் வச்சிரும்."

"பாலை நிறுத்துங்க அக்கா. பால்தான் கட்டியை வளர்க்குதாம்."

"கடலை பித்தம். கத்திரிக்காய் கரப்பான். பலாப்பழம் சூடு."

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்றது அது. பக்கத்து ஊர்ச் சம்பந்தி ஒரு பை நிறைய முள் சீத்தா இலை கொண்டுவந்து கொடுத்து, காலையும் மாலையும் ஒரு சொம்பு கஷாயம் என்று கணக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அந்த அம்மாவும் எல்லார் சொல்லையும் கேட்டார். காலையில் கஞ்சித் தண்ணீர், மதியம் கொஞ்சம் சோறும் மிளகு ரசமும் புடலங்காயும், ராத்திரி மூன்று இட்லி. இடையில் இரண்டு சொம்பு கஷாயம். கஷாயம் வயிற்றை நிறைத்ததில் பசியும் போனது.

தராசு சொன்ன கணக்கு

முதல் ஊசியின்போது எடை 52 கிலோ. மூன்றாவது ஊசிக்குப் போனபோது 46. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் போதவில்லை. ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கீமோ மருந்தே வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. அடுத்த ஊசிக்குள் உடம்பு அவற்றைத் திரும்ப உண்டாக்கியாக வேண்டும். அரைவயிற்று உடம்புக்கு அது பெரும்பாடு. பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தராசில் ஏறச் சொல்கிறார்கள்.

அங்கிருந்த செவிலியர் கணவரிடம் கேட்டார்: "ஐயா, அம்மா நேத்துக் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, செவிலியர் ஒரு தாளில் எழுதினார். புரதத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 20 கிராமைத் தாண்டவில்லை.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கான பொதுக் கணக்கு இது: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, ஒரு கிராமுக்குக் குறையாமல் ஒன்றரை கிராம் வரை புரதம். 50 கிலோ எடையுள்ளவர் என்றால் 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்த அளவு மாறும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதை எட்ட டப்பா மாவு வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். அரை லிட்டர் பாலில் 16. நாற்பது கிராம் உளுந்தில் 9. ஒரு கைப்பிடி வறுத்த கடலையில், அதாவது 30 கிராமில், 7. கோட்டைப்பட்டினத்திலிருந்தோ ஜெகதாப்பட்டினத்திலிருந்தோ வரும் மீனில் சதையாக 75 கிராம் சாப்பிட்டால் 14. நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு, இட்லியில் 16. மொத்தம் 74 கிராம். மீன் கிடைக்காத நாளில்கூட 60 வந்துவிடும்.

பத்தியம் என்ற பெயரில் அந்த வீட்டில் நிறுத்தியவை முட்டை, பால், கடலை, மீன். நான்கும் அந்த மாவட்டத்திலேயே விளைபவை, கிடைப்பவை. கறந்த பாலை முழுக்கச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்காரம்மா கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பத்தியம் என்றால் என்ன?

சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது குறிப்பிட்ட ஒரு மருந்தோடு சேர்ந்தது. இந்த மருந்து உண்ணும் இத்தனை நாளுக்குப் புளியைத் தள்ளு, உப்பைக் குறை என்று வைத்தியர் சொல்வார். கடும்பத்தியத்துக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. மறுபத்தியம் முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எந்த மருந்துக்கு என்று தெரியாமல், எத்தனை நாள் என்று தெரியாமல், வந்தவர் போனவர் சொன்னதையெல்லாம் கூட்டி மாதக்கணக்கில் இருப்பது பத்தியக் கணக்கிலேயே சேராது. அதற்குப் பெயர் பட்டினி.

முட்டையும் மீனும் தின்றால் அறுவைப் புண் சீழ் பிடிக்கும் என்ற பயம் பல ஊர்களில் இருக்கிறது. சீழ் பிடிப்பது கிருமியால். புண் ஆறப் புதிய சதை வளர வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். முட்டையை நிறுத்தினால் புண் ஆறுவதுதான் தாமதமாகும்.

எல்லாருக்கும் எடை குறைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் சிலருக்கு எடை கூடுவதும் உண்டு. அவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அதனால் ஒருவருக்குச் சொன்ன உணவுப் பட்டியலை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை பற்றிய பயம்

புற்றணுக்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கின்றன என்பது உண்மை. ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கண்டார். ஆனால் மூளை, ரத்த அணு, தசை என்று உடம்பின் நல்ல அணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும். வாய் வழியாக வராவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்தாவது சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். ஆகவே சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. தசைதான் கரையும்.

நீரிழிவு உள்ளவர் நிலை வேறு. கீமோவோடு வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து ரத்தச் சர்க்கரையைக் கூட்டும். அவர்கள் அந்த நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்து, மாத்திரையையோ இன்சுலினையோ மருத்துவர் சொன்னபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

முள் சீத்தாவும் சீந்திலும்

முள் சீத்தா நல்ல பழம். புளிப்பும் இனிப்புமாக இருக்கும், விலையும் கிடைக்கும். அதன் இலைச் சாறு ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது என்பதும் உண்மை. ஆனால் தட்டில் கொல்வதெல்லாம் மருந்தாகிவிடாது. சோப்புத் தண்ணீரும் தட்டில் உள்ள அணுக்களைக் கொல்லும். மனிதர்களிடம் சோதித்து, முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. மாறாக, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகக் கொள்பவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புத் தளர்ச்சி கூடுதலாக இருப்பதை 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பணுக்களைக் கெடுக்கக்கூடியது. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதற்கும், தினம் இரண்டு சொம்பு கஷாயத்தை மாதக்கணக்கில் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சீந்தில் கொடியும் அப்படித்தான். கொரோனா காலத்தில் பலர் தாமாகவே சீந்தில் பொடி சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். கீமோ மருந்துகளில் பலவற்றை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரல்தான். அந்த நேரத்தில் அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. சமையலில் போடும் மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரையாக, பொடியாக, சாறாக அளவுக்கு மீறி எடுப்பதில்தான் சிக்கல்.

வெளிநாட்டிலும் இந்தக் கதைகள் உண்டு. ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து எடுத்த லேட்ரில் என்ற பொருளை 'வைட்டமின் பி17' என்று சொல்லி விற்றார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக் உள்ளிட்ட மருத்துவமனைகள் 178 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 1982-ல் முடிவை வெளியிட்டன. யாருக்கும் நோய் குணமாகவில்லை. சிலர் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. கசப்பு மரவள்ளிக் கிழங்கை மாடு தின்று செத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சயனைடு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு கணக்குப் பார்த்தார்கள். அறுவை, கீமோ, கரண்ட் எதுவும் வேண்டாம் என்று மாற்று வழியை மட்டும் நம்பிய 281 பேரை, முறையான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மாற்று வழியில் மட்டும் போனவர்களுக்கு இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆலங்குடி அம்மா ஊசியை நிறுத்தவில்லை. ஆனால் "வேற ஏதாவது மருந்து குடிக்கிறீங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, திட்டுவார்களோ என்று பயந்து "இல்லைங்க" என்றுவிட்டார். அடுத்த முறை கணவர்தான் இலைக் கஷாயத்தைப் பற்றி வாயைத் திறந்தார். மருத்துவர் திட்டவில்லை. ஊசி முடியும் வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று மட்டும் சொன்னார். சித்த மருந்தோ, ஆயுர்வேதமோ, நாட்டுக் கஷாயமோ, எதை எடுத்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் வரும் மாற்றம் எதனால் வந்தது என்று அவருக்குப் புரியாமல் போகும்.

புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர்

புற்றுநோய் சிகிச்சைக்கும் புதுக்கோட்டைக்கும் பழைய உறவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதியோடு சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் அவருடைய இளைய சகோதரி புற்றுநோயில் இறந்தார். கூடவே இருந்து பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம்தான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு விதை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த நிறுவனத்துக்கே வாழ்ந்தார்.

இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். அதில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்குச் சத்தான சாப்பாடு வேண்டும் என்பதில் எந்த ஊரிலும் இப்போது சந்தேகம் இல்லை. கீமோ ஏற்றும் உடம்புக்கும் அதே அக்கறை வேண்டும்.

இயற்கை விவசாயமும் நோயும்

ரசாயனம் இல்லாமல் விளைவித்துச் சாப்பிட்டால் இந்த நோயே வராது என்று நம்பும் விவசாயிகள் நிறையப் பேர். நஞ்சில்லா உணவு நல்லது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, சுமார் 170 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த 'நெல்' ஜெயராமனும் புற்றுநோயால்தான் 2018 டிசம்பர் 6 அன்று மறைந்தார். சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவருக்கு நோய் வந்ததால் மாப்பிள்ளைச் சம்பாவுக்கோ கருப்புக் கவுனிக்கோ பெருமை குறையாது. அரிசி உணவு, மருந்து மருந்து.

இந்த நம்பிக்கையில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. "இத்தனை வருஷம் நல்லதுதானே சாப்பிட்டேன், எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று நோயாளி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். புகையிலையை விடுவது, மதுவை விடுவது, பூஞ்சணம் பிடித்த கடலையை ஒதுக்குவது போன்றவை சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் குறைக்கும். வந்த பிறகு யார் தப்பு என்று தேடுவதில் பயனில்லை.

பூஞ்சணக் கடலை பற்றி ஒரு வார்த்தை. சரியாகக் காயாத கடலையில் வளரும் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சந்தைக்கு ஆகாத சொத்தைக் கடலையை வீட்டுச் சமையலுக்கு ஒதுக்கும் பழக்கம் யாருக்கும் நல்லதல்ல. நோயாளிக்கு அறவே கூடாது.

எந்தத் தொல்லைக்கு எது?

புதுக் கணக்கோடு ஊர் திரும்பிய அன்று ஆலங்குடி வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. யார் சமைப்பது? முப்பது வருடமாக அடுப்படி அந்த அம்மாவின் பொறுப்பு. ஊசி போட்ட மூன்று நாளைக்குத் தாளிக்கும் வாசனை பட்டாலே குமட்டியது. கணவர் அடுப்படிக்குள் போனார். உளுந்தங்கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாம் நாளும் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் சரியாக வந்தது. "உப்புதான் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா முழு டம்ளரையும் குடித்தார்.

குமட்டல் இருக்கும் நாட்களில் மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆறிய உணவில் வாசனை குறைவு. சமைத்த சூடு தணிந்ததும் கொடுத்தால் உள்ளே போகும். வாந்தி நிறுத்தும் மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும்.

வாய்ப்புண் இருந்தால் மிளகாய், புளி, எலுமிச்சை, முறுக்கு போன்றவற்றை ஒதுக்கிவிட்டு, பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், அவித்து மசித்த முட்டை, கனிந்த வாழைப்பழம் கொடுக்கலாம். வாய், தொண்டையில் கரண்ட் வைப்பவர்களுக்குச் சில வாரங்கள் விழுங்கவே முடியாமல் போகலாம். மூக்கு வழியாகக் குழாய் போடுவோம் என்று மருத்துவர் சொன்னால் பயந்து மறுக்க வேண்டாம். அது கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை. சிகிச்சை நடுவில் நிற்காமல் முடிய அது உதவும். கஞ்சி, பால், முட்டை எல்லாவற்றையும் அரைத்து வடிகட்டி எப்படிச் செலுத்துவது என்று மருத்துவமனையில் கற்றுக்கொடுப்பார்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொடி, மோர், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்புப் பகுதியில் கரண்ட் வைக்கும் நாட்களில் கீரை, சிறுதானியம், முழுப்பயறு போன்ற நார்ச்சத்து உணவுகளைக் கொஞ்ச நாள் குறைக்கச் சொல்வார்கள். மலச்சிக்கலுக்கு நேர்மாறு. தண்ணீர், கீரை, பழம் கூட்ட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரையாலும் இது வரும்.

பழைய சோறும் பஞ்சகவ்யாவும்

கீமோ ஊசி போட்ட 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். மற்ற நேரத்தில் உடம்பு தாங்கும் கிருமியை அந்த வாரத்தில் தாங்காது. விவசாய வீட்டில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

பழைய சோறு நல்ல உணவுதான். ஆனால் அந்த நாட்களில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறிய சோறு வேண்டாம். அப்போது சமைத்ததே நல்லது. கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். முட்டை நன்றாக வேக வேண்டும். முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும்.

ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யாவும் பயிருக்கு. இயற்கை முறையில் விளைந்தது என்பதற்காகக் கீரையைக் கழுவாமல் போட்டுவிடக் கூடாது. சாணக் கரைசல் பட்ட கீரையை மூன்று நான்கு தண்ணீரில் அலசி, நன்றாக வேகவைக்க வேண்டும். அந்த நாட்களில் நோயாளி எருக்குழி, மாட்டுக்கொட்டகை வேலைக்குப் போகாமல் இருப்பதும் நல்லது.

பழமே கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. பழத்தையும் காயையும் மொத்தமாக நிறுத்துவதால் தொற்று குறைவதாக ஆய்வுகளில் தெளிவாகவில்லை. வாழை, கொய்யா, மாதுளை, பலா எதுவானாலும் நன்றாகக் கழுவி, தோல் உரித்து, வீட்டில் அறுத்து உடனே சாப்பிடலாம். கடையில் அறுத்து வைத்த பழமும் ஐஸ் போட்ட சாறும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு விஷயம்: காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய், கீமோ எடுப்பவர் என்று முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம்

எல்லா மாத்திரையையும் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது வழக்கம். புற்றுநோய் மாத்திரைகளில் அது பொருந்தாது. கேப்சிடபின் சாப்பிட்டு அரை மணிக்குள் போட வேண்டியது. இமாடினிப் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். புராஸ்டேட் புற்றுக்குத் தரும் அபிராடெரோன் வழக்கமாக வெறும் வயிற்றில். ஆக்ஸாலிப்பிளாட்டின் ஊசி போட்டவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தொண்டை இறுக்கும், விரல் மரக்கும். அவர்கள் வெதுவெதுப்பாகவே குடிக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவான பம்ளிமாஸும் சில மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும். எனவே மாத்திரை வாங்கும்போதே, "எப்போ போடணும், எதோட சாப்பிடக் கூடாது?" என்று கேட்டு அட்டையிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அந்த அம்மாவுக்கு நான்காவது ஊசி தள்ளிப்போகவில்லை. ஆறாவது ஊசியின்போது எடை 49. நல்ல சாப்பாடு நோயைக் குணமாக்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருந்தைத் தாங்கும் தெம்பை அது கொடுத்தது. சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டிடம் எதிர்பார்க்க வேண்டியது அதைத்தான். அது சின்ன உதவி இல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

புற்றுநோய் வீட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம், பத்தியத்தோடும் போக வேண்டாம். ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை கொண்டுபோகலாம். நன்றாகக் காய்ந்த கடலை இரண்டு படி, உளுந்து இரண்டு படி கொடுக்கலாம். வம்பன் உளுந்து விதைத்த ஊரில் அதற்கா பஞ்சம்? சளி, இருமல் இருந்தால் போகாமல் போனில் விசாரிக்கலாம். தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ ஊசிக்குப் போகும் நாளில் அவர்கள் வீட்டு மாட்டைக் கறந்து, பூவைப் பறித்துக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வரலாம். போக வேண்டிய நாளில் போக முடியாமல் பலர் ஊசியைத் தவறவிடுவதற்கு இந்த வேலைகளும் ஒரு காரணம்.

நர்சரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. முள் சீத்தா கன்றைப் பழ மரம் என்று விற்கலாம். இலைக்காக வந்து நிற்பவரிடம், "ஆஸ்பத்திரியில ஊசி நடக்குதா அண்ணே? அதை நிறுத்திராதீக. இலை வேணாம், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொல்லி அனுப்பினால், ஒரு பை இலையின் காசு போகும். அந்த வீட்டில் ஒருவர் அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிடுவார்.